ஏஐ ஸ்டார்ட்-அப்: டெமோவுக்குப் பிறகு சறுக்கும் இடங்கள்

ஒரு வார இறுதியில் டெமோ தயாராகிவிடும். ஏதோவொரு ஏஐ மாடலின் ஏபிஐ-யை (வெளி மென்பொருள் அதைப் பயன்படுத்தும் இணைப்பு) எடுத்து, நாலைந்து பிடிஎஃப் கோப்புகளை ஏற்றிக் கேள்வி கேட்டால் பதில் வருகிறது, பார்த்தவர்கள் அசந்துபோகிறார்கள். அதையே ப்ராடக்ட் என்று நம்பி ஆள் எடுக்கத் தொடங்குவதுதான் முதல் தவறு. மற்ற பல தவறுகள் அதன் பின்னாலேயே வருகின்றன.

ஜாஸ்பர் என்ற அமெரிக்க நிறுவனத்தைப் பாருங்கள். விளம்பர வாசகங்களை எழுதித்தரும் இந்நிறுவனம் 2022 அக்டோபரில் 12.5 கோடி டாலர் முதலீடு பெற்றது. அப்போது அதன் மதிப்பு 150 கோடி டாலர். நவம்பர் 30 அன்று அதே மாதிரி வாசகங்களை இலவசமாக எழுதித்தரும் சாட்ஜிபிடி வந்தது. 2023 ஜூலையில் ஜாஸ்பர் ஆட்குறைப்பு செய்தது. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி: மாடல் நிறுவனமே இதை நாளைக்கு இலவசமாகக் கொடுத்தால், வாடிக்கையாளர் ஏன் நம்மிடம் இருப்பார்? "எங்கள் ப்ராம்ப்ட் (மாடலுக்கு எழுதும் கட்டளை) நன்றாக இருக்கிறது" என்பது பதில் ஆகாது. அவருடைய டேலி கணக்கு மென்பொருளோடும் மருத்துவமனை மென்பொருளோடும் இணைந்திருப்பது, யார் எதைப் பார்க்கலாம் என்ற அனுமதிகளைச் சரியாகக் கையாள்வது, அவருடைய ஊழியர்கள் தினமும் செய்யும் திருத்தங்கள் நம்மிடம் சேர்ந்துகொண்டே போவது, இவையெல்லாம் பதில்.

இதற்குப் பயந்து சொந்த மாடலில் இறங்குவது எதிர்த்திசைத் தவறு. 700 கோடி பாராமீட்டர் (மாடலுக்குள் இருக்கும் எண்கள்) கொண்ட சிறிய மாடலை 16 பிட்டில் மெமரியில் ஏற்றி வைக்கவே 14 ஜிபி வேண்டும். அதை முழுமையாக ஃபைன்-ட்யூன் செய்ய (நம் தரவில் மறுபயிற்சி கொடுக்க), வழக்கமான ஆடம் பயிற்சி முறையில் பாராமீட்டருக்கு 16 பைட், அதாவது சுமார் 112 ஜிபி. முதலில் ப்ராம்ப்ட், பிறகு ஆவணங்களைத் தேடி எடுத்துக்கொடுக்கும் முறை, அதுவும் போதாதபோது லோரா, அதாவது மாடலின் சிறு பகுதிக்கு மட்டும் பயிற்சி தரும் முறை. இந்த வரிசையைத் தாண்டிக் குதித்தால் பணம் ஜிபியு (ஏஐ கணக்கீட்டுச் சிப்) வாடகையிலேயே கரைந்துவிடும்.

அளக்காமல் கட்டுவது

எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு இது. கோடு (நிரல்) எழுதுமுன், மாடலின் பதில்களைச் சோதிக்க 200 உண்மையான கேள்விகளைத் திரட்டுங்கள்; வாடிக்கையாளரின் அனுமதியோடு, பெயரும் எண்ணும் நீக்கி. நிறுவனர்களே உட்கார்ந்து எழுதும் கேள்விகள் உதவாது. அவை பிழையில்லாத எழுத்துத் தமிழில், ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தை மட்டும் கேட்கும். நிஜத்தில் வருவது, "சார் நேத்து போட்ட ஆர்டர் இன்னும் வரல, அட்ரஸ் வேற மாத்தணும்". ஒரே வரியில் இரண்டு வேலை. அதுவும் பல நேரம் ஆங்கில எழுத்தில் தட்டப்பட்டிருக்கும்.

சரியான பதிலை அந்தத் தொழில் தெரிந்தவர் எழுத வேண்டும். 200-இல் 40 கேள்விகளாவது, "தெரியாது, ஆளிடம் மாற்றுகிறேன்" என்பதே சரியான பதிலாக இருக்கும் கேள்விகளாக வையுங்கள். வாடிக்கையாளரை இழக்க வைப்பது பெரும்பாலும் அந்த 40-இல் ஒன்றுக்கு மாடல் தைரியமாகச் சொல்லும் பொய்தான்.

ப்ராம்ப்டை மாற்றியதும் இந்தச் சோதனையில் மதிப்பெண் 88 சதவீதத்திலிருந்து 91 ஆனால் உடனே முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 200 கேள்வி அளவில் 4 சதவீதப் புள்ளி மேலும் கீழும் தற்செயலாகவே ஆடும். முன்பு சரியாக இருந்து இப்போது தவறானவை எவை என்று ஒவ்வொன்றாகப் படியுங்கள். அலுப்பான வேலைதான். ஆனாலும் முதல் ஆறு மாதம் இதை நிறுவனரே செய்வது நல்லது.

குரல் வழி சேவை என்றால் இன்னொன்று. தமிழில் விகுதியெல்லாம் சொல்லோடு ஒட்டியே வருவதால், "வந்துட்டிருக்கேன்" என்று பேசியதை "வந்துகொண்டிருக்கிறேன்" என்று மாடல் எழுதிவிட்டாலும் சொற்பிழை விகிதம் (எத்தனை சொல் தவறு என்ற அளவு) முழுச் சொல்லையும் தவறு என்றே கணக்கிடும். எழுத்தெழுத்தாக எண்ணும் பிழை விகிதத்தையும் சேர்த்துப் பாருங்கள். அதைவிட முக்கியம், அழைத்தவரின் வேலை முடிந்ததா என்பது.

ஏஜென்ட் (பல படி வேலையைத் தானே செய்யும் ஏஐ) கட்டுபவர்கள் ஒரு பெருக்கலைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு படியும் 95 சதவீதம் சரி என்றாலும், பத்துப் படிகள் தொடர்ந்து சரியாக முடிய வாய்ப்பு சுமார் 60 சதவீதம். படிகளைக் குறையுங்கள். பணம் நகரும் படிக்கு முன் மனித ஒப்புதல் வையுங்கள்.

டோக்கன் கணக்கு

2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வெளியானபோது ஓபன்ஏஐ காட்டிய மாதிரி வாக்கியத்தில், தமிழுக்கு 116 ஆக இருந்த டோக்கன் (மாடல் வாக்கியத்தைப் பிரிக்கும் துண்டு; கட்டணமும் அதன் கணக்கில்தான்) 35 ஆகக் குறைந்திருந்தது. அதே வாக்கியம் ஆங்கிலத்தில் 24. ஆங்கிலத்தில் போட்ட செலவுக் கணக்கைத் தமிழ்ச் சேவைக்கு அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

இன்னும் பெரிய ஓட்டை உரையாடல் வரலாறு. கேள்வியும் பதிலுமாகச் சுற்றுக்கு 500 டோக்கன், மொத்தம் 20 சுற்று என்றால் 10,000 டோக்கன்தானே என்று தோன்றும். ஒவ்வொரு சுற்றிலும் முந்தையவை அனைத்தும் மறுபடி அனுப்பப்படுவதால், உள்ளே போவது 1,05,000 வரை ஆகிறது. கடைசி ஐந்தாறு சுற்றுகளை மட்டும் முழுதாக வைத்து, பழையதைச் சுருக்கி அனுப்புங்கள். மாறாத ப்ராம்ப்டுக்கு கேஷிங் (அனுப்பியதைச் சேமித்து மறுபடி பயன்படுத்துவது) போடுங்கள். எளிய கேள்விகளைச் சிறிய மாடலுக்குத் திருப்புங்கள். இதைச் செய்யாமல் "மாதம் 999 ரூபாய், அளவில்லாமல்" என்று திட்டம் அறிவித்தால், அதிகம் பயன்படுத்தும் நல்ல வாடிக்கையாளர்தான் அதிக நஷ்டம் தருவார்.

வெளிநாட்டு ஏபிஐ வாங்கும் இந்திய நிறுவனம் ரிவர்ஸ் சார்ஜில் (விற்பவருக்குப் பதில் வாங்குபவரே கட்டும் முறை) 18 சதவீத ஜிஎஸ்டி கட்ட வேண்டும். உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பப் பெறலாம், ஆனால் பணம் முதலில் கையிலிருந்து போகும்.

வாடிக்கையாளருக்கு இலவச பைலட் (சோதனை ஓட்டம்) வேண்டாம். ஆறு முதல் எட்டு வாரம், ஒரு கட்டணம், எந்த எண்ணிக்கையை எட்டினால் வெற்றி, அதன்பின் கையெழுத்திடுபவர் யார், இவை முதல் நாளே எழுத்தில் இருக்கட்டும்.

காகிதத்தில் விடும் ஓட்டைகள்

ஃப்ரீலான்சர் எழுதிய கோடுக்குப் பணம் கொடுத்துவிட்டோம், அது நம்முடையது என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப் பிரிவு 19-இன்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். ஒப்பந்தத்தில் இரண்டையும் தெளிவாக எழுதுங்கள். முதலீட்டாளரின் வக்கீல் தேடும் முதல் தாள்களில் இதுவும் ஒன்று. நிறுவனர்களின் பங்குகளுக்கும் நான்கு ஆண்டு வெஸ்டிங் (பங்கு சிறிது சிறிதாகச் சொந்தமாவது), ஓராண்டு க்ளிஃப் (முதல் ஆண்டுக்குள் விலகினால் எதுவும் கிடையாது) போட்டுக்கொள்ளுங்கள். ஆறாவது மாதம் விலகுபவர் பாதி நிறுவனத்தோடு போகக் கூடாது.

சாட்பாட் சொன்னதற்கு நாம் பொறுப்பல்ல என்ற வாதமும் எடுபடவில்லை. ஏர் கனடாவின் பாட் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்த வழக்கில், 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் விமான நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி, சுமார் 812 கனடிய டாலர் கொடுக்க வைத்தது. உங்கள் பாட்டை வாங்கும் நிறுவனத்தின் வக்கீலும் இதே கேள்வியோடு வருவார். விலை, தள்ளுபடி, திரும்பப்பெறும் விதி ஆகியவற்றை மாடல் தன் சொல்லில் எழுத விடாமல், டேட்டாபேஸிலிருந்து அப்படியே எடுத்துக் காட்டும்படி கட்டியிருந்தால் அவருக்குப் பதில் சொல்வது எளிது.