காட்டேஜ் சீஸ் கணக்கில் நான் செய்த தவறும், இன்றும் தொடரும் தவறுகளும்

பெரம்பூரில் உள்ள என் ஆலோசனை அறைக்குப் பயிற்சிக்கு வரும் இளம் உணவியலாளர்கள் எழுதும் உணவு அட்டவணைகளை வாரம் ஒருமுறை உட்கார்ந்து திருத்துவது என் வழக்கம். சென்ற வாரம் ஓர் அட்டவணையில், மாலை ஐந்து மணிக்கு எதிரே, "காட்டேஜ் சீஸ் (பனீர்) 200 கிராம், 145 கலோரி" என்று மணிமணியான கையெழுத்தில் எழுதியிருந்தது. தொழிலுக்கு வந்த புதிதில் நான் எழுதிய அதே வரி, அதே அடைப்புக்குறியோடு. காட்டேஜ் சீஸ் என்பது நீர் நிறைந்த உதிரிப் பாற்கட்டி; பனீர் வேறு. எழுதிய பெண்ணின் மீது எனக்கு வந்த எரிச்சலில் பாதிக்குமேல் என் மீதே வந்ததுதான்.

காலாவதித் தேதியைப் பாருங்கள், குளிர்பெட்டியில் வையுங்கள் என்பனவற்றை இங்கே எழுதப் போவதில்லை. அவை யாவரும் அறிந்தவை.

பனீரின் தலையில் காட்டேஜ் சீஸின் எண்களை ஏற்றுவது

அன்று என்னிடம் வந்தவர் வியாசர்பாடியைச் சேர்ந்த ஒரு குத்துச்சண்டை வீரர், வயது பத்தொன்பது. எடை அறுபத்திரண்டரைக் கிலோ. ஐந்து வாரத்தில் 60 கிலோ பிரிவுக்குள் இறங்க வேண்டும். அப்பா வடசென்னையில் குத்துச்சண்டை கற்றவர் என்பதால், அந்த வீட்டில் எடை போடும் நாளுக்குத் திருமண நாளுக்கு உரிய மரியாதை இருந்தது. நான் வெளிநாட்டுச் சத்து அட்டவணை ஒன்றைத் திறந்து, கொழுப்பு குறைந்த காட்டேஜ் சீஸ் 100 கிராமில் ஏறக்குறைய 72 கலோரி, 12 கிராம் புரதம், ஒரே ஒரு கிராம் கொழுப்பு என்று கண்டு மகிழ்ந்து, நாளுக்கு 200 கிராம் என்று எழுதினேன். அவருக்குப் புரியட்டும் என்று பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பனீர் என்றும் சேர்த்தேன். அந்த ஒரு சொல்தான் கேடு.

அவர் சொன்ன சொல் தவறாதவர். நாள் தவறாமல் சௌகார்பேட்டையில் பனீர் வாங்கி, தராசில் நிறுத்து, 200 கிராமும் தின்று தீர்த்தார். எடை போடும் நாளில் முள் 61 கிலோ 400 கிராமில் நின்றது. போட்டிக்கு அனுமதி இல்லை. மறுநாள் என் அறைக்கு வந்த அவருடைய அம்மா சத்தம் போடவில்லை, அட்டவணையை மேசையில் விரித்து, "நீங்க எழுதிக் குடுத்ததத்தானே மேடம் புள்ள துன்னான்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

கணக்கைப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி, சாதாரணப் பனீரில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஈரம் போக எஞ்சும் திடப்பொருளில் குறைந்தது பாதி பால்கொழுப்பாக இருக்க வேண்டும். அதாவது 100 கிராம் பனீரில் 40 கிராம் திடப்பொருள், அதில் குறைந்தபட்சம் 20 கிராம் கொழுப்பு. 200 கிராம் தின்றால் கொழுப்பு மட்டும் 40 கிராம். அதிலேயே 360 கலோரி வந்துவிடுகிறது. புரதத்தையும் சேர்த்தால் 500 கலோரியைத் தாண்டும். நான் எழுதியது 145. நாளுக்கு 350 கலோரிக்கு மேல் கூடுதலாக, ஐந்து வாரம் அவர் உடம்பில் சேர்ந்தது; இறங்காமல் நின்ற அந்த ஒன்றரைக் கிலோவுக்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

இரண்டும் பாலைத் திரித்துச் செய்பவை என்பதோடு உறவு முடிகிறது. பனீருக்குப் பாலைக் கொதிநிலைக்கு அருகே சூடாக்கி, எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ விட்டு, திரிந்ததைத் துணியில் கட்டிப் பாரம் ஏற்றிப் பிழிகிறோம். அந்தச் சூட்டில் மோர்ப்புரதமும் பாலின் முதன்மைப் புரதமான கேசினோடு ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் பெருமளவு வெளியேறுகிறது. பாலில் இருந்த கொழுப்பு கட்டிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. காட்டேஜ் சீஸுக்கோ, கொழுப்பு நீக்கிய பாலில் உறையிட்டு மெல்லப் புளிக்கவைத்து, உறைந்ததைச் சிறு துண்டுகளாக வெட்டி, இதமாகச் சூடாக்கி, நீரை வடித்துக் கழுவுகிறார்கள். பிறகு உப்பும் கொஞ்சம் பாலேடும் கலக்கிறார்கள். யாரும் பாரம் ஏற்றிப் பிழிவதில்லை. ஆகவே அதில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். கரண்டியில் எடுத்தால் உதிரி உதிரியாகச் சொட்டும். கத்தியால் சதுரமாக வெட்டித் தோசைக்கல்லில் வாட்ட முடியாது. உங்கள் தட்டில் இருப்பது சதுரமாக நின்றால், அது காட்டேஜ் சீஸ் அன்று.

இந்தக் குழப்பத்துக்கு நம் உணவகங்களின் பட்டியல் அட்டைகளும் ஒரு காரணம். பனீர் பட்டர் மசாலாவுக்குக் கீழே காட்டேஜ் சீஸ் என்று விளக்கம் அச்சிட்டுப் பழக்கிவிட்டார்கள். கைப்பேசிச் செயலியில் அந்தச் சொல்லைத் தட்டினால் வெளிநாட்டுப் பொருளின் எண்கள் வந்து நிற்கின்றன. உடற்பயிற்சிக் கூடத்துப் பிள்ளைகள் அதையே நம்பித் தின்கிறார்கள். பனீர் தின்றால் பனீர் என்றே எழுதுங்கள். காட்டேஜ் சீஸ் என்று எழுதினால், பெரிய கடைகளில் டப்பாவில் கிடைக்கும் உதிரிப் பொருள்தான் என்று வாய் திறந்து சொல்லுங்கள்.

"கொழுப்பு குறைந்தது" என்பதோடு படிப்பை நிறுத்துவது

டப்பாவின் மீது 1, 2, 4 என்று சதவீதம் இருக்கும். அது மொத்த எடையில் உள்ள கொழுப்பு. பனீர் விதியில் சொல்லப்படுவதோ ஈரம் போக எஞ்சும் திடப்பொருளில் உள்ள கொழுப்பு. இரண்டு சதவீதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பட்டதாரிகளை நான் பார்த்திருக்கிறேன்.

உப்பை மறப்பது

கொழுப்பு குறைந்துவிட்டது என்ற நிம்மதியில் கண்ணில் படாமல் போவது சோடியம். கொழுப்பு குறைந்த காட்டேஜ் சீஸ் 100 கிராமில் ஏறக்குறைய 400 மில்லிகிராம் சோடியம் உண்டு. அமெரிக்கக் கணக்கில் ஒரு கப் என்பது 226 கிராம். அதில் 900 மில்லிகிராமைத் தாண்டும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் உச்சவரம்பு 2,000 மில்லிகிராம். ராயபுரத்திலிருந்து வரும் ரத்த அழுத்தக்காரர் ஒருவர், மதியம் கருவாட்டுக் குழம்பும் அப்பளமும் ஊறுகாயும் முடித்துவிட்டு, மாலையில் "டயட்" என்ற பெயரில் இதை ஒரு கப் தின்றால் என்ன ஆகும் என்பதை அவருடைய கணுக்கால் வீக்கத்தில் நான் கண்டிருக்கிறேன். உப்புச் சேர்க்காதது சில இடங்களில் கிடைக்கிறது; கிடைக்காவிட்டால், உப்பில்லாமல் வீட்டில் செய்த பனீரே அவருக்கு மேல்.

கால்சியத்துக்காக நம்புவது

பாலிலிருந்து வந்ததில் கால்சியம் நிறைய இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் பால் மெல்லப் புளித்து உறையும்போது, கேசினோடு பிணைந்திருந்த கால்சியம் கரைந்து வடிநீரோடு போய்விடுகிறது. காட்டேஜ் சீஸில் எஞ்சுவது 100 கிராமுக்கு 60 மில்லிகிராம் அளவு. அதே எடைப் பாலில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கால்சியம் என்று இதை எழுதாதீர்கள். ஒரு தம்ளர் பாலோ, ராகிக் கூழோ எழுதுங்கள்.

நார்ச்சத்து

இரண்டிலும் துளியும் இல்லை. சுண்டலை நிறுத்தாதீர்கள்.

தாளிக்கும் எண்ணெய்

ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. எழுதுங்கள்.

வீட்டில் செய்துவிட்டு அளக்காமல் விடுவது

டப்பாவின் விலையைப் பார்த்துத் திரும்பி வருபவர்களுக்கு நான் சொல்லும் வழி, இருமுறை சமன்படுத்திய பாலில் வீட்டிலேயே பனீர் செய்வது. அந்தப் பாலில் கொழுப்பு 1.5 சதவீதம், லிட்டருக்கு 15 கிராம். நிறைகொழுப்புப் பாலிலோ 6 சதவீதம். ஒரு லிட்டரைத் திரித்துப் பிழிந்தால் 150 கிராமுக்குச் சற்று முன்பின்னாகக் கட்டி கிடைக்கும். பாலின் கொழுப்பு பெரும்பாலும் அதற்குள் இருக்கிறது என்று கொண்டால், 100 கிராமுக்கு 10 கிராம். கடைப் பனீரில் பாதி. ஆனாலும் காட்டேஜ் சீஸின் ஒரு கிராம் அன்று. கட்டி சற்று ரப்பர் போல இருக்கும். குழம்பில் பத்து நிமிடம் ஊறினால் இளகிவிடும்.

பிழியும் பாரம் கூடினால் தண்ணீர் குறையும், அதே 100 கிராமில் சத்தும் கூடும். ஆகையால் அம்மிக்கல் வைத்தாலும் இட்லிப் பானை வைத்தாலும், பாரத்தை எடுத்த பிறகு கட்டியை எடைபோட்டு, அந்த எடையையும் எத்தனை லிட்டர் பால் என்பதையும் குறித்து வாருங்கள் என்று சொல்கிறேன். சிலர் குறித்து வருகிறார்கள். காசிமேட்டில் வீடு உள்ள ஒரு பெண் மட்டும், "எங்க வாசல்லயே சங்கரா கெடைக்குது, அதுல இல்லாததா மேடம் இதுல இருக்கு?" என்று கேட்டார். புரதத்தைப் பொறுத்தவரை இல்லை என்று சொல்லி, அட்டவணையிலிருந்து பனீரை அடித்துவிட்டு மீன் என்று எழுதிக் கொடுத்தேன். வறுக்காமல் குழம்பில் போட வேண்டும் என்று பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சேர்த்தேன்.