குரூப் 4: தினசரிப் படிப்பு எங்கே அறுந்துபோகிறது?

டிஎன்பிஎஸ்சி நடத்தும் குரூப் 4 அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்க முடிவெடுத்த அன்றே சார்ட் பேப்பரில் அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். காலை நாலரைக்கு எழுவது, நாளுக்கு ஆறு மணி நேரப் படிப்பு, இரவில் திருப்புதல். வேலைக்குப் போகிறவர்களில் பலருக்கு இது இரண்டு வாரம் தாண்டாது. பிறகு "எனக்குச் சோம்பல்" என்று தங்களையே திட்டிக்கொள்வார்கள். பெரும்பாலும் கோளாறு அட்டவணையில்தான். உற்சாகம் உச்சத்தில் இருந்த ஒரு நாளில், எந்த இடைஞ்சலும் வராத நாட்களை மட்டும் நினைத்துப் போட்டது அது.

மோசமான நாளை வைத்துத்தான் அளவைத் தீர்மானிக்க வேண்டும். பஸ் கிடைக்காமல் இரவு எட்டரைக்கு வீடு வந்து, சாப்பிட்டதும் கண் சொக்குகிற நாளில் எவ்வளவு முடியும்? ஐந்து கணக்கு, தமிழ்ப் பாடநூலில் இரண்டு பக்கம். இருபத்தைந்து நிமிடத்தில் முடியும். அதுதான் உங்கள் குறைந்தபட்ச அளவு. நல்ல நாளில் இரண்டு மணி நேரம்கூட உட்காரலாம், தடையில்லை. ஆனால் காலண்டரில் டிக் விழுவது அந்த இருபத்தைந்து நிமிடத்துக்கு.

நேரத்தை வெறும் கடிகாரத்தை நம்பி வைப்பதும் சரிவராது. ஏழு மணிக்கு என்று வைத்தால் ஏழு மணிக்குத்தான் விருந்தாளி வருவார், கரண்ட் போகும். தினமும் தப்பாமல் நடக்கிற ஒரு வேலைக்குப் பின்னால் படிப்பை வையுங்கள்: காபி டம்ளரைக் கழுவி வைத்ததும் கணக்கு நோட்டு. போட வேண்டிய ஐந்து கணக்குக்கும் முதல் நாள் இரவே பென்சிலால் குறியிட்டு, பக்கத்தைத் திறந்தபடி மேசையில் வைத்துவிட்டுப் படுங்கள். "இன்றைக்கு எந்தப் பாடம்?" என்று யோசிக்கிற ஐந்து நிமிடத்தில்தான் கை போனுக்குப் போகிறது.

அதிகம் பேரை வீழ்த்துவது பாக்கி வைத்துப் படிப்பது. நாளுக்குப் பத்துப் பக்கம் என்று கணக்கு. உறவுக்காரர் கல்யாணம், இரண்டு நாள் போச்சு. மூன்றாம் நாள் முப்பது பக்கம் முடிக்க உட்காருவார்கள்; பதினைந்துதான் ஓடும். நான்காம் நாளுக்கு இருபத்தைந்து. நோட்டைப் பார்த்தாலே எரிச்சல் வர, "அடுத்த திங்கள்கிழமை முதல் புதிதாக ஆரம்பிக்கலாம்" என்று முடியும். விட்ட நாளை மறுநாள் தலையில் ஏற்றவே கூடாது. வாரத்துக்கு ஆறு நாள் பாடம் மட்டும் போட்டு, ஞாயிறு மாலையைக் காலியாக விடுங்கள். விட்டதை அங்கே முடித்துக்கொள்ளலாம். அங்கேயும் முடியாவிட்டால், முதல் சுற்றில் அந்தப் பாடம் இல்லை என்று விட்டுவிட்டு முன்னே போங்கள்.

ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சு என்ற பயத்துக்கும் ஆதாரமில்லை. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பாக மாற எடுத்த காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை மாறும் என்று மதிப்பிட்டார்கள். நடுவில் ஒரு நாள் விட்டது பெரிய பாதிப்பு எதையும் ஏற்படுத்தவில்லை. 21 நாளில் பழக்கம் ஒட்டிக்கொள்ளும் என்கிற ரீல்ஸை நம்பி, 22-ஆம் நாளும் கஷ்டமாக இருக்கிறதே என்று கைவிடுபவர்களுக்கு இது தெரிந்தால் நல்லது.

அடுத்தது, பிடித்த பாடத்தையே தினமும் படிப்பது. தேர்வில் 200 கேள்வி, கேள்விக்கு ஒன்றரை என 300 மதிப்பெண். தமிழில் 100 கேள்வி, பொது அறிவில் 75, கணக்கு வருகிற திறனறிவில் 25. தமிழில் 60 மதிப்பெண் வராவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அதனால் தமிழைப் பிடித்துக்கொள்வது சரிதான். ஆனால் கணக்கைக் கடைசி மாதத்துக்குத் தள்ளுகிறவர்கள் 37.5 மதிப்பெண்ணைத் தள்ளுகிறார்கள். தனிவட்டி, விகிதம், மீ.சி.ம. எல்லாம் கை பழக வேண்டிய விஷயங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் ஐம்பது போடுகிறவரைவிட தினமும் ஐந்து போடுகிறவருக்குத்தான் தேர்வறையில் வேகம் வரும்.

புதுப் பாடமாகவே ஓடுவதும் தவறு. படித்ததை மறுநாள், ஏழாம் நாள், முப்பதாம் நாள் என மூன்று முறை தொடுங்கள். திரும்ப வாசிப்பது போதாது. புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தால்தான் எது நிற்கவில்லை என்று தெரியும். டெலிகிராமில் பிடிஎஃப் சேர்ப்பதைப் படிப்பில் சேர்க்காதீர்கள்.

அறிவிப்பு தள்ளிப்போனதும் புத்தகத்தை மூடிவைப்பவர்கள், அறிவிப்பு வந்தபின் மூன்று மாதத்தில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அந்த இடைக்காலத்தில் குறைந்தபட்ச அளவு மட்டும் ஓடினால் போதும். கடைசி ஆறு வாரத்தில் புதுப் பாடத்தை நிறுத்திவிட்டு, ஞாயிறுதோறும் காலை 9.30 முதல் 12.30 வரை முழு மாதிரித் தேர்வு எழுதுங்கள். 180 நிமிடத்துக்கு 200 கேள்வி என்றால் ஒன்றுக்கு 54 நொடி. கணக்குக்கு மட்டும் 40 நிமிடம் போனால் மற்றவற்றுக்குக் கிடைப்பது 48 நொடி. ஓஎம்ஆர் தாளில் வட்டத்தைக் கறுப்பாக்குவதும் இந்த நேரத்துக்குள்தான் என்பதால், மாதிரித் தேர்வையும் ஓஎம்ஆர் தாளிலேயே எழுதிப் பழகுங்கள்.