பல் அழகுக்கு மார்க் கேட்கிறீர்களா? கேட்கிற விதத்தை முதலில் சரிபாருங்கள்

கடலூர், பாண்டி பக்கம் கிளினிக் வைத்திருக்கிறவர்கள், புராஜெக்டுக்காக சர்வே எடுக்கிற ஹவுஸ் சர்ஜன் பிள்ளைகள், இரண்டு தரப்புக்கும்தான் இது. பேஷண்ட் தன் பல் அழகுக்குப் போடும் மார்க்கில் பல் மட்டும் இருக்காது, நாம் கேட்ட விதமும் சேர்ந்தே வரும்.

யார் கேட்பது என்பதுதான் பெரிய விஷயம். பல்செட்டு கட்டிக் கொடுத்த டாக்டரே நின்றுகொண்டு "எப்படிம்மா இருக்கு?" என்றால், பண்ருட்டியிலிருந்து பஸ் பிடித்து வந்த அம்மா, அதுவும் மருமகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு சார்" என்பதைத் தவிர என்ன சொல்லிவிடப் போகிறார்? பேர் எழுதாத தாளைக் கொடுத்து, தனியாக உட்காரவைத்து, பெட்டியில் போடச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு சிகிச்சையில் சம்பந்தப்படாத ஒருவர் வாசித்துக் காட்டட்டும். அந்தத் தாள்களில் ஒரு குறி போட்டு, தானே எழுதியவர்களோடு கலக்காமல் தனியாகக் கணக்குப் பாருங்கள்.

அப்புறம் நேரம். பல்லை வெளுப்பாக்கும் ப்ளீச்சிங் முடித்த கையோடு கேட்காதீர்கள். அப்போது பல் காய்ந்துபோய் இருப்பதால் கூடுதல் வெள்ளையாகத் தெரியும், ஈரம் ஏறியதும் கொஞ்சம் மங்கும். மரத்துப்போன உதடு கோணலாகச் சிரிக்கும்போது கேட்பதும் வீண். சிகிச்சைக்குப் பிறகு காட்டிவிட்டுப் போக ரிவ்யூவுக்கு வரும்போது கேளுங்கள்.

கண்ணாடியா, செல்போன் படமா என்பதையும் முதலிலேயே முடிவு பண்ணுங்கள். கண்ணாடியில் இடம் வலமாகத் தெரிகிற முகம்தான் நமக்குப் பழகியது. ஆட்களுக்குத் தங்கள் கண்ணாடி முகமும், நண்பர்களுக்கு அவர்களின் படத்தில் தெரிகிற நேர் முகமும் கூடுதலாகப் பிடிக்கிறது என்று 1977லேயே ஓர் ஆய்வு காட்டியது. ஒரு பக்கம் மட்டும் எத்துப்பல் இருக்கிறவர் படத்தைப் பார்த்தால் 'ஐயோ, நானா இது' என்பார்.

100 மில்லிமீட்டர் கோடு போட்டு, ஒரு முனை மோசம், மறு முனை நன்று என்று வைத்து 'எங்கே இருக்கிறீர்கள், குறியுங்கள்' என்பது காலேஜ் பிள்ளைகளுக்குச் சரி, பெரியவர்கள் பலர் நடுவில் ஒரு கோடு கிழித்துவிட்டுப் போவார்கள். அவர்களும் வருவார்கள் என்றால் எல்லோருக்குமே 'மிக மோசம்' முதல் 'மிக நன்று' வரை ஐந்து கட்டம் போதும். பாதியில் மாற்றக் கூடாது. மொத்த மார்க்கை முதலில் கேளுங்கள். காரை, இடைவெளி, துருத்தல் என்று குறைகளை அடுக்கிவிட்டு அதைக் கேட்டால் மார்க் இறங்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ரெடிமேட் கேள்வித்தாள் வேண்டுமா? வாய்ப் பிரச்சினை அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று கேட்கும் ஓஹிப்-14 (OHIP-14) வலி, சாப்பாடு, சங்கடம் என்று பொதுவாகப் போகும். பல் தோற்றத்துக்கென்றே 2006ல் வந்தது பிடாக் (PIDAQ), 23 கேள்விகள், ஆனால் இளவட்டத்தை வைத்துச் செய்தது, பல்செட்டு தாத்தாவிடம் நீட்டாதீர்கள்.

கடைசியாக ஒன்று. பிடிக்காதவர் ரிவ்யூவுக்கே வரமாட்டார், நெல்லித்தோப்பில் வேறு கிளினிக்கில் உட்கார்ந்திருப்பார். வராதவர் எத்தனை பேர் என்று கட்டாயம் எழுதுங்கள், முடிந்தால் போன் போட்டுக் கேளுங்கள், போனில் வந்த மார்க்கையும் தனியாகவே வையுங்கள்.