பாறைக் கரைக்கு ஏற்ற ஃபின்: என் அனுபவம்

ஹவாய்த் தீவின் ஹோனவ்நவ் விரிகுடாவில் 'டூ ஸ்டெப்' எனப்படும் இடத்தில், எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறை விளிம்பிலிருந்துதான் ஸ்நார்கெலிங்குக்கு (மூச்சுக்குழாய் அணிந்து நீர்ப்பரப்பில் நீந்துவதற்கு) இறங்க வேண்டும். பாறை இடுக்குகளில் கடல் முள்ளெலிகளும் இருக்கும். ஃபின் என்பது நீந்தும்போது காலில் மாட்டும் துடுப்பு. பாதம் முழுவதையும் மூடும் முழுப்பாத ஃபின்னை வெறுங்காலில் அணிவது வழக்கம் என்பதால், அதைக் கையில் பிடித்தபடி அந்தச் சொரசொரப்பான பாறையில் நடப்பது எனக்குப் பெரும் வேதனையாக இருந்தது. தடித்த அடிப்பாகம் கொண்ட நியோப்ரீன் (செயற்கை ரப்பர்) பூட்ஸும், அதன்மேல் மாட்டும் குதிகால் திறந்த ஃபின்னும் வாங்கிய பிறகே அந்தத் தொல்லை தீர்ந்தது.

கடையில் பூட்ஸை அணிந்தபடியே ஃபின்னின் அளவைப் பார்த்தேன். வெறுங்காலுக்குப் பொருந்துவது பூட்ஸுக்கு இறுக்கமாகிவிடும். ஃபின்னைக் குதிகாலில் பிடித்துவைக்கும் பட்டையில், கொக்கிப் பட்டையைவிட ஸ்பிரிங் பட்டையே மேல், ஏனெனில் அலை ஆட்டும்போதும் அதை ஒரு கையாலேயே இழுத்து மாட்டிவிடலாம். ஃபின்னுடன் பாறையில் நடப்பது ஆபத்து என்பதால், விளிம்பில் அமர்ந்தோ நீரில் இறங்கியோதான் அணிகிறேன்.