ஜெர்மனியில் ஒருவரை இடைநிறுவனம் வழியாகப் பணியமர்த்தும் முறை

கோயம்புத்தூரில் பம்பு தயாரிக்கும் நிறுவனம் ஒன்றுக்கு, ஸ்டுட்கார்ட்டில் வாடிக்கையாளர்களைச் சந்திக்க ஒரு பொறியாளர் தேவைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே கிளை இல்லை. ஒரே ஒருவருக்காகக் கம்பெனி தொடங்குவதும் கட்டுப்படியாகாது. இந்த இடத்தில்தான் 'எம்ப்ளாயர் ஆஃப் ரெக்கார்டு' எனப்படும் இடைநிறுவனங்கள் உதவுகின்றன. சட்டப்படி முதலாளியாக இருந்து சம்பளம், வருமான வரி, சமூகக் காப்பீடு ஆகியவற்றை அவை கவனித்துக்கொள்ள, அன்றாட வேலையை நீங்கள் சொல்கிறீர்கள்.

விலையை விசாரிக்கும் முன் உரிமத்தைக் கேளுங்கள். ஓர் ஊழியரை நியமித்து அவரை இன்னொரு நிறுவனத்தின் வேலைக்கு விடும் ஜெர்மன் நிறுவனம், அந்நாட்டுக் கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமையிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அதன் நகலை வாங்கி, அது எந்தத் தேதிவரை செல்லும் என்று பாருங்கள். 2017 ஏப்ரல் முதல், இடைநிறுவனத்துக்கும் உங்களுக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் இது ஆள் அனுப்பும் ஏற்பாடு என்று வெளிப்படையாக எழுதியிருப்பதும், வேலை தொடங்கும் முன் அந்த ஊழியர் யார் என்று குறிப்பிடுவதும் கட்டாயம். 'ஆலோசனைச் சேவை' என்று பொதுவாக எழுதிய வரைவை ஏற்காதீர்கள்.

செலவைக் கணக்கிடும்போது, பேசிய சம்பளத்தின் மேல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை முதலாளியின் காப்பீட்டுப் பங்காகவும், அதற்கு மேல் இடைநிறுவனத்தின் கட்டணத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரம் 5 நாள் வேலை செய்பவருக்குக் குறைந்தது 20 நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பு உண்டு; நோயுற்றால் 6 வாரம் வரை முழுச் சம்பளம் தர வேண்டும். இவை அவருடைய உரிமைகள் என்பதால், பேரம் பேச இடமில்லை.

பலர் சறுக்குவது பணிநீக்கத்தில்தான். 10 பேருக்கு மேல் உள்ள நிறுவனத்தில் 6 மாதம் கடந்த ஊழியரைத் தக்க காரணமின்றி நீக்க முடியாது. 'எங்களுக்கு அங்கே ஒருவர்தானே' என்று நினைக்கலாம். ஆனால் சட்டத்தின் பார்வையில் முதலாளி இடைநிறுவனம் என்பதால், அதன் ஆள்கணக்குதான் பார்க்கப்படும். மின்னஞ்சலில் அனுப்பும் பணிநீக்கம் செல்லாது; காகிதத்தில் மையால் கையெழுத்திட்ட கடிதம் ஊழியரின் கைக்குச் சேர வேண்டும்.

வரி விஷயத்தில் இந்த ஏற்பாடு உங்களுக்குக் கவசம் ஆகாது. அந்தப் பொறியாளர் உங்கள் சார்பில் தொடர்ந்து விற்பனை ஒப்பந்தங்களை முடித்துக்கொடுத்தால், உங்களுக்கு அங்கே நிரந்தர வணிக இடம் இருப்பதாக ஜெர்மன் வரித்துறை கருதி, உங்களிடம் வரி கேட்கக்கூடும். ஆகவே விலையை இறுதி செய்வதும் கையெழுத்திடுவதும் கோவையிலேயே நடக்கட்டும். அவர் வடிவமைப்பு வேலையும் செய்வாரானால், கண்டுபிடிப்பின் உரிமை ஊழியரிடமிருந்து இடைநிறுவனத்துக்கும், அங்கிருந்து உங்களுக்கும் வந்து சேரும்படி இரண்டு ஒப்பந்தங்களிலும் எழுதிக்கொள்ளுங்கள்.

தொழிற்சங்கமும் முதலாளிகளும் செய்துகொண்ட கூட்டு ஊதிய ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, ஒரே ஊழியரை இப்படி 18 மாதங்களுக்கு மேல் தொடர்ந்து வைத்திருக்க முடியாது. சொந்தமாக ஜிஎம்பிஎச் (நம் ஊர் பிரைவேட் லிமிடெட் போன்றது) நிறுவனம் தொடங்க 25,000 யூரோ மூலதனம், நோட்டரி, வணிகப் பதிவு, வங்கிக் கணக்கு எல்லாம் வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும். எனவே சொந்த நிறுவனம் தொடங்குவதா வேண்டாமா என்று 12-ஆம் மாதத்திலேயே முடிவெடுத்து, அதை முதலில் அந்த ஊழியரிடம் சொல்லுங்கள். அவர் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளியும் அந்த முடிவை நம்பித்தான் இருக்கின்றன.