வாஷிங்டன் அருங்காட்சியகங்கள்: ஊரிலிருந்து வரும் பெற்றோருடன் போய்வருவது எப்படி?

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் வர்ஜீனியா, மேரிலாந்து பக்கத் தமிழ்க் குடும்பங்களில் ஒரே பேச்சுதான். அப்பா அம்மா வருகிறார்கள், மாமனார் மாமியார் வருகிறார்கள், தலைநகரில் எதை எப்படிக் காட்டுவது? எங்கள் வீட்டுக்கு வந்தவர்களோடு பலமுறை போய்வந்து, பாஸ் கிடைக்காமல் அலைந்து, கடைசியில் ஒரு வழிமுறையைப் பிடித்துக்கொண்டேன். அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். விசா, விமான டிக்கெட், தங்குமிடம் எதுவும் இதில் இல்லை.

இங்குள்ள பெரிய அருங்காட்சியகங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் கிடையாது. அதற்குக் காரணமானவர் ஜேம்ஸ் ஸ்மித்சன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. அமெரிக்காவில் ஒருமுறைகூடக் கால் வைக்காதவர். தன் சொத்தைச் சகோதரர் மகனுக்கு எழுதிவைத்து, அவர் வாரிசில்லாமல் இறந்தால் அது அமெரிக்காவுக்குப் போகட்டும், அறிவைப் பெருக்கவும் பரப்பவும் வாஷிங்டனில் ஒரு நிறுவனம் எழட்டும் என்று உயிலில் சொன்னார். அப்படியே நடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தங்க சவரன்கள் கப்பலேறி வந்தன. இந்த அருங்காட்சியகங்களை நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனம் 1846-ல் உருவானது.

கட்டணம் இல்லை என்பதாலேயே நம்மவர்கள் ஒரே நாளில் நான்கைந்து கட்டடங்களைப் பார்த்து முடித்துவிட நினைக்கிறார்கள். நான் நேர்மாறாகச் சொல்வேன். இலவசம் என்றால், ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு மனநிறைவோடு வெளியே வரலாம்; பிடித்திருந்தால் அடுத்த வாரம் மறுபடி போகலாம். செலவாவது காசு அல்ல, முழங்கால். 70 வயதுக்காரர்களை அழைத்துப் போகும்போது திட்டத்தை அந்தக் கணக்கில்தான் போட வேண்டும்.

படி 1: ஒரு நாளைக்கு ஒரு பெரியது, ஒரு சிறியது

கேப்பிடல் கட்டடத்துக்கும் வாஷிங்டன் நினைவுத் தூணுக்கும் நடுவில் நேஷனல் மால் என்ற நீண்ட புல்வெளி இருக்கிறது. அதன் இரு கரையிலும் அருங்காட்சியகங்கள் வரிசையாக நிற்கின்றன. வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். ஒவ்வொரு கட்டடமும் ஒரு தெருவின் நீளம் இருப்பதால், வெயிலில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடப்பதே ஒரு வேலை.

அதனால் காலையில் பெரியது ஒன்று: இயற்கை வரலாறு, வான்வெளி, ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, அமெரிக்க வரலாறு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று. மதியத்துக்குமேல் கூட்டமில்லாத சிறியது ஒன்று. அவ்வளவு போதும்.

புறப்படும் முன் இன்னொரு வேலை இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு பொருளைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால், அந்த அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் அதன் பெயரைத் தேடி, இப்போது காட்சியில் இருக்கிறதா என்று பாருங்கள். பொருள்களை அடிக்கடி கிடங்குக்கு மாற்றுவார்கள்.

படி 2: நேரம் குறித்த பாஸ்

என்னை அதிகம் அலைக்கழித்த படி இது. அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

பெரும்பாலான இடங்களுக்குப் பாஸ் வேண்டாம், நேராக உள்ளே போகலாம். இதை எழுதும்போது ஸ்மித்சோனியனில் நம் பட்டியலுக்கு வரும் இரண்டு இடங்களுக்கு மட்டும் வேண்டும்: மாலில் உள்ள வான்வெளி அருங்காட்சியகம், ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம். ஊரிலிருந்து வருபவர்கள் கேட்பதும் பெரும்பாலும் இவைதாம். இரண்டுக்கும் பாஸ் இலவசம், அந்தந்த அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் எடுக்க வேண்டும். பாஸுக்குப் பணம் கேட்கும் பக்கம் எதுவாக இருந்தாலும் அது அருங்காட்சியகத்தின் பக்கம் அல்ல, மூடிவிடுங்கள். (யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம் ஸ்மித்சோனியனைச் சேர்ந்ததல்ல. அங்கே நிரந்தரக் காட்சிக்கு இணையத்தில் முன்பதிவு செய்தால் ஒரு டாலர் வாங்குகிறார்கள், அது சரியானதுதான்.)

முதல் வழி, முன்கூட்டியே எடுப்பது. ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்கு 30 நாட்களுக்கு முன்பிருந்தே கிடைக்கும். பெற்றோர் வரும் தேதி தெரிந்ததுமே நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு காலை நேரங்கள்தாம் முதலில் தீரும், செவ்வாய், புதன் பிற்பகல்கள் கடைசிவரை இருக்கும். நீங்கள் வேலைக்குப் போகிறவராக இருந்தால், விடுப்பு எடுக்க வாரநாள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சனிக்கிழமைக்காகப் போராடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இரண்டாவது வழி, அன்றைய பாஸ். நாள்காட்டியில் எல்லாமே தீர்ந்துவிட்டதாகக் காட்டினாலும் மனம் தளர வேண்டாம். ஒவ்வொரு நாளும் அந்த நாளுக்கென்று கொஞ்சம் ஒதுக்கிவைத்துக் காலையில் திறந்துவிடுகிறார்கள். ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுக்குக் காலை 8:15, வான்வெளிக்குக் காலை 8:30. எல்லாம் கிழக்கு நேரம். கலிபோர்னியாவில் இருக்கும் தம்பி எடுத்துத் தருவதாக இருந்தால் அவர் விடியற்காலை 5 மணிக்கே எழ வேண்டும். ஐந்து நிமிடம் முன்பே பக்கத்தைத் திறந்து வையுங்கள். நேரம் ஆனதும் பக்கத்தைப் புதுப்பித்து, முதலில் கண்ணில் படும் நேரத்தையே எடுத்துவிடுங்கள். 11 மணியா 11:30 மணியா என்று வீட்டில் கலந்து பேசும் நேரத்தில் இரண்டுமே போய்விடும். என் அனுபவத்தில் கைப்பேசியைவிட மடிக்கணினி இதற்கு நல்லது.

எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. கைக்குழந்தைக்கும் சேர்த்தே எடுங்கள். ஒருவர் எடுக்கும் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு என்பதால், பெரிய குடும்பமாக வந்தால் இருவர் தனித்தனி மின்னஞ்சலில் ஒரே நேரத்துக்கு எடுக்கலாம். பாஸில் உள்ள நேரம் உள்ளே நுழைவதற்கு மட்டும்தான். நுழைந்த பிறகு மூடும்வரை இருக்கலாம், யாரும் வெளியேறச் சொல்ல மாட்டார்கள். ஆனால் நடுவில் வெளியே வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி நுழையலாம் என்று நம்பித் திட்டமிடாதீர்கள்.

படி 3: காரை மறந்துவிட்டு மெட்ரோவில் போங்கள்

நேஷனல் மாலைச் சுற்றி வண்டி நிறுத்த இடம் தேடுவது வீண். வார இறுதியில் மெட்ரோ நிறுவனத்தின் நிலையங்களில் வண்டி நிறுத்தக் கட்டணமும் இல்லை. வர்ஜீனியாக்காரர்கள் வியன்னா நிலையத்தில் காரை விட்டு ஆரஞ்சு பாதையில் ஏறினால், மாறாமலே ஸ்மித்சோனியன் நிலையத்தில் இறங்கலாம். மால் பக்க வாசலில் ஏறினால் நேராகப் புல்வெளியில் வந்து நிற்பீர்கள்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனி அட்டை வேண்டும். ஓர் அட்டையை ஐந்து பேர் மாற்றி மாற்றித் தட்ட முடியாது, இறங்கும்போதும் தட்ட வேண்டும். 2025-லிருந்து வங்கி அட்டையையே வாசலில் தட்டிப் போகலாம். ஆனாலும் பெற்றோருக்கு நிலையத்து இயந்திரத்தில் ஆளுக்கொரு ஸ்மார்ட்ரிப் அட்டை வாங்கிக் கொடுப்பதையே நான் விரும்புகிறேன். இந்திய வங்கி அட்டையில் அந்நியச் செலாவணிக் கட்டணம் பிடிப்பார்கள். அதோடு, தனக்கென்று ஓர் அட்டை இருந்தால் அம்மா அடுத்த முறை தானே போகத் துணிவார்.

பழைய பயணக் குறிப்புகளில் மாலைச் சுற்றிவரும் சர்க்குலேட்டர் பஸ்ஸைப் பரிந்துரைத்திருப்பார்கள். அது 2024 இறுதியோடு நின்றுவிட்டது.

படி 4: வாசல்

எல்லா இடத்திலும் பையைச் சோதிப்பார்கள். சின்னப் பை, தண்ணீர் பாட்டில், மெல்லிய சால்வை போதும். வெளியே எவ்வளவு வெயில் என்றாலும் உள்ளே குளிர்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள், சால்வை அதற்காக. விமான நிலையத்திலிருந்து நேரே பெட்டிகளோடு வர வேண்டாம்.

இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு இரண்டு வாசல்கள். மால் பக்கம் வரிசை நீண்டு கிடந்தால், சுற்றிக்கொண்டு கான்ஸ்டிட்யூஷன் அவென்யூ வாசலுக்குப் போங்கள். அங்கே பெரும்பாலும் கூட்டம் குறைவு.

சாப்பாட்டுக்குப் புளிசாதமோ தயிர்சாதமோ கட்டிக்கொண்டு, மாலின் ஓரத்து மர நிழலில் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவதே சிறந்தது. காட்சிக்கூடங்களுக்குள் சாப்பிடக் கூடாது. உள்ளே உள்ள உணவகங்களில் விலை அதிகம். அமெரிக்கப் பூர்வகுடிகள் அருங்காட்சியகத்தின் மிட்சிடாம் உணவகத்துக்கு மட்டும் ஒருமுறை போய்வரலாம். அந்த மக்களின் சமையலை ஒட்டிய உணவு அங்கே கிடைக்கிறது.

படி 5: உள்ளே எதைப் பார்ப்பது

இயற்கை வரலாற்றில் எல்லோரும் முதலில் கேட்பது ஹோப் வைரம். இரண்டாம் தளத்தில் இருக்கிறது. 45.52 காரட், நீல நிறம். நம் பக்கத்துக் கல்தான்: கோல்கொண்டா வட்டாரத்தின் கொல்லூர்ச் சுரங்கத்தில் கிடைத்தது என்று கருதப்படும் பெரிய கல்லை 17-ஆம் நூற்றாண்டில் தவேர்னியே என்ற பிரெஞ்சு வணிகர் வாங்கிப் போனார். அதிலிருந்து வெட்டப்பட்டதுதான் இது. 1958-ல் இதை ஸ்மித்சோனியனுக்குக் கொடுத்த நகை வணிகர் ஹாரி வின்ஸ்டன், பதிவுத் தபாலில் அனுப்பிவைத்தார்! வைரத்தைப் பார்த்த கையோடு கீழே வந்து, 2019-ல் திறந்த புதைபடிவக் கூடத்தில் மீதி நேரத்தைச் செலவிடுங்கள். குழந்தைகள் அங்கிருந்து நகர மாட்டார்கள்.

ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தை நடுவிலிருந்து தொடங்கக் கூடாது. லிஃப்டில் அடித்தளத்துக்கு இறங்கி, 15-ஆம் நூற்றாண்டிலிருந்து காலவரிசையில் மேலே ஏறி வர வேண்டும். அடிமை வணிகம், நிறவெறிக் காலத்து ரயில் பெட்டி, 1955-ல் கொல்லப்பட்ட 14 வயதுச் சிறுவன் எம்மெட் டில்லின் சவப்பெட்டி என்று ஒவ்வொரு தளமும் மனத்தைப் பிழியும். இதைப் பார்த்த அன்று வேறெதையும் வைத்துக்கொள்ளாதீர்கள், என் விதியில் உள்ள சிறிய அருங்காட்சியகத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். திங்கட்கிழமைகளில் நண்பகலில்தான் திறப்பார்கள்.

சிறியவற்றில் என் முதல் தேர்வு ஆசியக் கலை அருங்காட்சியகம். ஃப்ரீயர், சாக்லர் என்ற இரண்டு கட்டடங்கள் நிலத்தடியில் இணைந்தவை. 1923-ல் திறந்த ஃப்ரீயரின் சேகரிப்பில், பார்வதி வடிவில் நிற்கும் செம்பியன் மாதேவி என்று அடையாளப்படுத்தப்படும் சோழர்காலச் செப்புத்திருமேனி உள்ளது. கண்டராதித்த சோழரின் மனைவி, உத்தம சோழரின் தாய், செங்கல் கோயில்களைக் கற்கோயில்களாக மாற்றிக் கட்டிய அரசி. இந்தத் திருமேனியை 1929-ல் வாங்கியதாக அருங்காட்சியகப் பதிவு சொல்கிறது. இது நாகை மாவட்டத்தில் அந்த அரசியின் பெயராலேயே வழங்கும் ஊரின் கோயிலிலிருந்து போனது என்று தமிழகச் சிலை கடத்தல் தடுப்புப் பிரிவு 2022-ல் கூறியது. இரண்டையும் தெரிந்துகொண்டு அதன்முன் நில்லுங்கள். அந்த நீண்ட தோளும் ஒயிலாக வளைந்த இடையும் எந்தப் புகைப்படத்திலும் முழுதாகத் தெரியாது. தமிழர் ஒவ்வொருவரும் அது காட்சியில் இருக்கும் நாளாகப் பார்த்துப் போக வேண்டும் என்பேன்.

ஓவியம் பிடித்தவர்களுக்கு நேஷனல் கேலரி. இதுவும் இலவசம், ஆனால் ஸ்மித்சோனியனின் கீழ் வருவதல்ல. அமெரிக்கக் கண்டங்களில் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கும் ஒரே லியனார்டோ டா வின்சி ஓவியம், ஜினேவ்ரா தே பெஞ்சி, இதன் மேற்குக் கட்டடத்தில் இருக்கிறது. பலகையின் பின்பக்கத்திலும் ஓவியம் உண்டு, சுற்றிவந்து பார்க்க மறக்காதீர்கள்.

மற்றவை மூடும் வேளையில் இன்னும் தெம்பு மிச்சமிருந்தால் தேசிய உருவப்பட அருங்காட்சியகம். காலை 11:30-க்குத் திறந்து மாலை 7 வரை இருக்கும். கண்ணாடிக் கூரை போட்ட அதன் உள்முற்றத்தில் பெரியவர்கள் உட்கார்ந்து ஓய்வெடுக்க, இளையவர்கள் மேலே போய்வரலாம்.

பாஸே கிடைக்கவில்லையா? சாண்டிலிக்குப் போங்கள்

டல்லஸ் (Dulles) விமான நிலையத்தை ஒட்டி, வர்ஜீனியாவின் சாண்டிலியில், வான்வெளி அருங்காட்சியகத்தின் இன்னொரு கிளை 2003 முதல் இருக்கிறது: உட்வார்-ஹாசி மையம். இதற்குப் பாஸ் வேண்டாம். விண்ணுக்குப் போய்வந்த டிஸ்கவரி விண்கலம், கான்கார்ட் பயணிகள் விமானம், எஸ்.ஆர்.-71 பிளாக்பேர்ட் உளவு விமானம், ஹிரோஷிமாவில் குண்டு போட்ட எனோலா கே, எல்லாம் ஒரே கூரைக்கடியில் நிற்கின்றன. ரைட் சகோதரர்களின் 1903 விமானமும் அப்பல்லோ 11-இன் கொலம்பியா கலமும் மால் கிளைக்கு உரியவை. அவற்றைப் பார்க்க ஆசைப்பட்டால் பாஸ் எடுத்தே ஆக வேண்டும். ஆனால் பெரியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் நான் முதலில் சொல்வது சாண்டிலியைத்தான். எல்லாம் பெரிதாக, கண்ணெதிரே, நெருக்கியடிக்காமல் இருக்கிறது.

இங்கே வண்டி நிறுத்த 15 டாலர். மாலை 4 மணிக்குமேல் இலவசம். மூடுவது 5:30 என்பதால் அந்த 15 டாலரை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள், காலையிலேயே போங்கள்.

பின்சேர்க்கை 1: அப்பாவால் அதிக தூரம் நடக்க முடியாது, என்ன செய்வது என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களில் சக்கர நாற்காலியை இலவசமாகத் தருகிறார்கள், முதலில் கேட்பவர்களுக்கு முதலில். காலையில் திறந்தவுடன் போய் நுழைவாயில் மேசையில் கேளுங்கள். மெட்ரோவில் வருவதானால் அன்று உங்கள் நிலையத்தில் லிஃப்ட் வேலை செய்கிறதா என்று மெட்ரோ இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பின்சேர்க்கை 2: கார் இல்லாதவர்கள் சாண்டிலிக்கு எப்படிப் போவது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். சில்வர் பாதை 2022 நவம்பரில் டல்லஸ் தாண்டி நீண்டுவிட்டது. இன்னோவேஷன் சென்டர் நிலையத்தில் இறங்கி, ஃபேர்ஃபாக்ஸ் கனெக்டர் 983 பஸ் பிடித்தால் மையத்தின் வாசலிலேயே இறங்கலாம். திரும்பி வரும் பஸ் நேரத்தை இறங்கும்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 3: 2025 அக்டோபரில் மத்திய அரசின் நிதி ஒதுக்கீடு தடைப்பட்டபோது, ஸ்மித்சோனியனும் நேஷனல் கேலரியும் அடுத்த மாதம்வரை மூடிக் கிடந்தன. 2019 ஜனவரியிலும் இப்படி நடந்தது. செய்திகளில் அரசு முடக்கம் என்று அடிபட்டால், கிளம்பும் நாள் காலையில் அந்தந்த அருங்காட்சியகத்தின் முகப்புப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.