ஐம்பது மீட்டரில் பெல்லட் சிதறுகிறதா? துப்பாக்கியைத் திட்டுவதற்கு முன்

வெளிநாட்டுக்காரர்கள் பழைய லீ-என்ஃபீல்டு ரைபிளுக்கு வெடிமருந்தை நிறுத்துப் போட்டுத் தோட்டா தயாரிக்கும் வீடியோவைப் பார்த்துவிட்டு, ஆனைமலைப் பக்கம் எங்கள் தோப்புக்கு வரும் பையன்கள் ஆசையாகப் பேசுவார்கள். நமக்கு லைசென்ஸ் இல்லாமல் கிடைப்பது காற்றழுத்தத்தில் சுடும் 4.5 மில்லிமீட்டர் ஏர்கன்தான், அதுவும் குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள். ஆனாலும் அந்த வெளிநாட்டுக்காரர்களிடம் கற்க ஒன்று இருக்கிறது. அந்த ரைபிளின் பெயர் .303, போடும் குண்டின் விட்டமோ .311 அங்குலத்தை ஒட்டி, அதனால் பேரலை, அதாவது துப்பாக்கிக் குழலை, அளந்த பிறகுதான் குண்டு வாங்குவார்கள். நாம் பெல்லட் என்கிற சின்ன ஈயக் குண்டு டப்பாவில் 4.5 என்று போட்டிருந்தால் அள்ளிக்கொண்டு வந்துவிடுகிறோம். பெல்லட்டின் தலை விட்டம் 4.50, 4.51, 4.52 என்றெல்லாம் வரும், உங்கள் பேரலுக்கு எது பிடிக்கும் என்று சுட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

மூன்று குண்டு ஒரே ஓட்டையில் விழுந்ததும் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள், அது அதிர்ஷ்டமாகக்கூட இருக்கும். பத்துப் பத்தாகச் சுட்டுப் பாருங்கள். பெல்லட், ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), பிடிக்கும் விதம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

பைக் பெட்டியில் குலுங்கி வந்த டப்பாவைத் திறந்து, பத்துப் பெல்லட்டை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உருட்டுங்கள். நல்லது வளைந்த கோடாக ஒழுங்காக உருளும், பாவாடை (பின்பக்க விளிம்பு) நசுங்கியது தத்தித் தத்திப் போகும். அதைத் தனியே எடுத்து வையுங்கள்.

ஸ்பிரிங் விசையில் காற்றை அழுத்தும் ஏர்கன்னை இறுக்கிப் பிடிப்பதும், நேராகக் கல் மேஜையில் வைத்துச் சுடுவதும் பெரிய தப்பு. பெல்லட் பேரலை விட்டு வெளியேறுவதற்குள் துப்பாக்கி முன்னும் பின்னும் உதறும், அந்த உதறலை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி உதற விட வேண்டும். உள்ளங்கையில் சும்மா தாங்கினால் போதும். அப்புறம், அழுத்தம் உண்டாகும் சிலிண்டருக்குள் எண்ணெய் விடாதீர்கள். புகையும் சத்தமும் வரும், வேகம் தாறுமாறாகும்.

இனி காற்று. ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று எங்கள் பக்கம் சும்மா விடாது. போன ஆடியில் மத்தியானம் உட்கார்ந்து ஸ்கோப்பைத் திருகித் திருகிச் சரிசெய்தேன், மறுநாள் காலை ஆறரைக்குச் சுட்டால் எல்லாம் நாலு விரல் தள்ளி மறுபக்கம். காற்றுக்குத் திருகியதை ஸ்கோப்பின் குறை என்று நினைத்திருக்கிறேன்! தென்னை மட்டை ஆடுவதைப் பார்த்துக் காற்றைக் கணித்த என்னைப் பார்த்து தோப்புக்காரப் பெரியப்பா சிரித்தார்: "மட்டை ஆடுறது மேல, உன்ற குண்டு போறது கீழ. மட்டையப் பார்த்து என்ன பண்ணுவே?" இப்போது டார்கெட்டுக்குப் பாதி தூரத்தில் ஒரு குச்சி நட்டு, கம்பளி நூல் கட்டி வைக்கிறேன். லேசான பெல்லட் வேகமாகக் கிளம்பினாலும் சீக்கிரம் தளர்ந்து காற்றுக்கு அதிகம் சாயும், ஆகையால் ஆடியில் கொஞ்சம் கனமானதுதான் போடுகிறேன்.

டார்கெட்டுக்குப் பின்னால் மணல் மூட்டை வையுங்கள், தென்னை மரத்தில் பட்டால் தெறிக்கும். பறவை பக்கம் குறி போகவே கூடாது. ஈயம் தொட்ட கையோடு டீக்கடைக்கு ஓடாமல் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போங்கள்.